சஃபாரிப் படத்தை எங்கே வெட்டுவது? செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கும் ஆல்பத்துக்கும் போனுக்கும் ஓர் ஒப்பீடு

கபினியில் படகிலிருந்து எடுத்த யானைக் கூட்டம், முதுமலையில் வண்டியிலிருந்து எடுத்த காட்டெருமை, கென்யாவின் மசாய் மாராவில் எடுத்த சிங்கம், திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக் கண்மாயில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரை. எதுவாக இருந்தாலும் ஊர் திரும்பிக் கணினியில் திறந்ததும் ஒரே கேள்விதான் வரும். இதை எடுத்தபடியே விடுவதா, கொஞ்சம் வெட்டுவதா, முகம் மட்டும் தெரியும்படி இறுக்குவதா, மேலும் கீழும் வெட்டி நீளப் படமாக்குவதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சுவரில் மாட்டும் படத்துக்கு, எடுத்த அகலத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்வதே நல்லது. பாதிக்குக் கீழே போகும் கிராப் (வெட்டிய படம்) போன் திரைக்கு மட்டும்தான் சரிப்படும். முகத்தை மட்டும் காட்டும் படம், விலங்கு உண்மையிலேயே அருகில் இருந்தபோது எடுத்ததாக இருக்க வேண்டும். தூரத்தில் எடுத்ததைக் கணினியில் இழுத்து முகமாக்கினால் அது எடுபடாது. இதற்கான காரணங்கள் பெரும்பாலும் எளிய கணக்குதான்.

கையில் எத்தனை பிக்சல் இருக்கிறது

24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000 × 4000 பிக்சல். அகலத்தில் முக்கால் பங்கை வைத்துக்கொண்டால் 4500 × 3000, அதாவது 13.5 மெகாபிக்சல். பாதியை வைத்துக்கொண்டால் 3000 × 2000, வெறும் 6 மெகாபிக்சல். அகலம் பாதியாகும்போது பிக்சல் கால் பங்காகிவிடுகிறது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

பிரிண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பது பார்க்கும் தூரத்தைப் பொறுத்தது. நல்ல பார்வை உள்ளவர் கையில் பிடித்து ஓரடியில் பார்க்கும் ஆல்பத்துக்கு அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 பிக்சல் வேண்டும். அதனால்தான் பிரிண்ட் போடும் லேபில் 300 கேட்கிறார்கள்; 250 இருந்தாலும் குறை தெரியாது. இரண்டடியில் நின்று பார்த்தால் ஏறத்தாழ 145 போதும். ஆறடி தள்ளி நின்றால் 50க்கு மேல் கண்ணால் பிரித்தறிய முடியாது. பட்டாலை எனும் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் படத்தை யாராவது கிட்டே போய்ப் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 150 தாராளம். அந்தக் கணக்கில் 4500 × 3000 கிராப் சரியாக 30 × 20 அங்குலத்துக்கு வரும். பாதி அகல கிராப் 12 × 18 வரை தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் இறகும் மயிரும் குழைந்துவிடும்.

பிக்சல் குறையும்போது கூடுவது ஒன்றும் உண்டு: இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் பொரிப்புள்ளிகள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 3200இல் எடுத்ததைப் பாதி அகலத்துக்கு வெட்டி, வெட்டாத படத்தின் அளவிலேயே பிரிண்ட் போட்டால், ஐஎஸ்ஓ 12800இல் எடுத்தது போன்ற பொரிப்பொரியான தோற்றம் வரும். கை நடுக்கத்தால் வந்த கலங்கலும், ஃபோகஸ் கொஞ்சம் தவறியதும் அதே அளவுக்குப் பெரிதாகும். கேமராவின் சின்னத் திரையில் கூர்மையாகத் தெரிந்த படம் கிராப் செய்ததும் ஏமாற்றுவது இதனால்தான்.

வேட்டங்குடிக் கரையில் ஒரு கணக்கு

சஃபாரிக்குப் போகுமுன் கை பழக இந்தப் பக்கத்தில் வேட்டங்குடியை விட நல்ல இடம் கிடையாது. காரைக்குடியிலிருந்து மதுரை போகும் வழியிலேயே இருக்கிறது. மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த ஆண்டுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் வரும். கண்மாயை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் நெருக்கமான படம் வேண்டும் என்பதற்காகத் தண்ணீருக்குள் இறங்கிக் கூட்டை நோக்கிப் போவது பெரிய தவறு. கரையில் நின்று கிடைப்பதுதான் படம்.

என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். முழு ஃப்ரேம் கேமரா (சென்சார் 36 × 24 மி.மீ.), 400 மி.மீ. லென்ஸ், மரம் 100 மீட்டர் தூரம். அந்தத் தூரத்தில் ஃப்ரேமுக்குள் விழும் பரப்பு 9 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். மஞ்சள் மூக்கு நாரை நின்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆக அது 4000 பிக்சல் உயரத்தில் வெறும் 670ஐத்தான் பிடிக்கும். நாரை ஃப்ரேம் உயரத்தில் அறுபது விழுக்காடு தெரியும்படி இறுக்கினால் மிஞ்சுவது 1670 × 1110 அளவுதான், 2 மெகாபிக்சல்கூட இல்லை. 8 × 12 பிரிண்டுக்கே இழுபறி.

அதே ஃப்ரேமை வெட்டாமல் விட்டுப் பாருங்கள். 9 மீட்டர் அகலத்தில் ஒரு முழுக் கருவேல மரம், கிளைக்குக் கிளை கூடுகள், ஒன்று இறங்க இன்னொன்று குச்சி கொண்டுவர, கீழே தண்ணீரில் மரத்தின் நிழல். தனி நாரையைத் தேடிப் போனவர் கண்ணில் படாத படம் அது. அங்கே எடுத்துக்கொள்ள வேண்டிய முடிவு மரத்தை எங்கே நிறுத்துவது, நிழலை முழுசாக வைப்பதா என்பதுதான். நிழலை வைப்பதானால் முழுசாக வையுங்கள். தண்ணீரில் தெரியும் அலகோ கழுத்தோ பாதியில் அறுந்தால், நிஜப் பறவையையே வெட்டியது போலக் கண்ணை உறுத்தும்.

600 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதே தூரத்தில் பரப்பு 6 × 4 மீட்டராகும். நாரை 1000 பிக்சல் உயரம். முக்கால் அகல கிராப் செய்தால் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நாரை வந்துவிடும், சுற்றிலும் கிளையும் இணைப் பறவையும் இருக்கும். சுவருக்கு நாங்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

களத்திலேயே நெருங்குவதா, வீட்டில் வெட்டுவதா

மூன்று வழிகள் இருக்கின்றன: 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிப் படத்தைப் பெரிதாக்குவது), சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பதியும் கேமராவின் கிராப் மோட், அப்படியே எடுத்துப் பிறகு வெட்டுவது.

கிராப் மோட் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 45 மெகாபிக்சல் நிக்கான் கேமராவில் அதைப் போட்டால் 8256 × 5504 குறைந்து ஏறத்தாழ 5408 × 3600 ஆகும். வீட்டில் வெட்டினாலும் அதே பிக்சல்தான். கோப்பு சிறிதாகும், தொடர்ந்து சுடும்போது பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) சீக்கிரம் நிறையாது, மிரர்லெஸ் கேமராவானால் வியூஃபைண்டரில் விலங்கு பெரிதாகத் தெரியும். பதிலுக்கு, வெளியே போன இறக்கை நுனி திரும்பி வராது. பறக்கும் பறவைக்கு இதைப் போடவே வேண்டாம்.

டெலிகன்வர்ட்டர் விஷயத்தில்தான் யோசிக்க வேண்டும். 400 மி.மீ. எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் வெளிச்சம் குறையும்) லென்ஸில் 1.4 மடங்கு போட்டால் 560 மி.மீ. எஃப் 8 ஆகும்; ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும். மாலை ஐந்தரைக்குக் காட்டு வழியில் 1/500 நொடிக்கு ஐஎஸ்ஓ 3200 போதுமாக இருந்தது 6400 ஆகிவிடும். ‘அதற்குப் பதில் கிராப் செய்தால் இரைச்சல் குறையுமே’ என்று தோன்றும். குறையாது. 1.4 மடங்கு கிராப் செய்தால் பிக்சல் பாதியாகும்; ஒரே அளவு பிரிண்டில் 3200இன் இரைச்சலும் 6400 போலவே தெரியும். இரைச்சலைப் பொறுத்தவரை இரண்டும் சமம்.

வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. லென்ஸ் நன்கு கூர்மையானதாக இருந்தால் டெலிகன்வர்ட்டர் இறகின் நுணுக்கத்தைக் கூடுதலாகப் பிடிக்கும். சாதாரண 150-600 ஜூமில் எஃப் 6.3 எஃப் 9 ஆகி, கூர்மையும் மழுங்கி, ஃபோகஸ் தேடித் தேடி அலையும். பழைய டிஎஸ்எல்ஆர் பலவற்றில் எஃப் 8க்கு மேல் ஆட்டோஃபோகஸ் வேலையே செய்யாது. வெயில் ஏறிய பிறகு எழும் கானலுக்கு எந்த வழியும் மருந்தில்லை. தூரத்துப் படம் அலையலையாகக் கலங்கும், டெலிகன்வர்ட்டர் அந்தக் கலங்கலையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

ஆகவே காலை வெளிச்சம், அசையாமல் நிற்கும் பறவை, ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் மூன்றும் சேர்ந்தால் டெலிகன்வர்ட்டர். அந்தி, ஓட்டம், ஜூம் லென்ஸ் இவற்றில் ஒன்று இருந்தாலும் அதைக் கழற்றிவிட்டு எடுத்துப் பிறகு வெட்டுங்கள். புழுதி பறக்கும் திறந்த வண்டியில் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதும் சென்சாருக்கு நல்லதல்ல. கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கபினி, முதுமலை வண்டிகளில் சிக்கல் பலமுறை தலைகீழாகவும் வரும். யானை 30 மீட்டரில் நிற்கிறது, கையில் 400 மி.மீ. ஃப்ரேமுக்குள் விழுவது 2.7 × 1.8 மீட்டர்தான். வளர்ந்த பெண் யானைகூட அடங்காது. இங்கே 100-400 ஜூமை 200க்கு இழுத்தவர் பிழைத்தார்: 5.4 × 3.6 மீட்டர், யானையும் குட்டியும் புல்லும் உள்ளே. வெளியே விட்டதை எந்த மென்பொருளாலும் நேர்மையாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் களத்தில் விளிம்பில் எப்போதும் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டே எடுக்க வேண்டும்.

நடுப்புள்ளி ஃபோகஸ் தின்னும் பிக்சல்

பெரும்பாலானோர் நடுப்புள்ளியில் ஃபோகஸ் வைத்து, விலங்கின் கண்ணை நடுவில் நிறுத்தி எடுக்கிறோம். பிறகு பார்வைக்கு முன்னால் இடம் விட, கண்ணை மூன்றில் ஒரு பங்குக் கோட்டுக்கு நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தினால் 6000 பிக்சல் அகலத்தில் அதிகபட்சம் 4500தான் மிஞ்சும். அதே 3:2 விகிதத்தை விடாமல் வைத்தால் மொத்தப் பிக்சலில் 44 விழுக்காடு இதற்கே போய்விடும். முக்கால் பங்கு என்று நாங்கள் சொன்ன எல்லை இந்த ஒரு நகர்த்தலிலேயே தீர்ந்துவிடுகிறது. எடுக்கும்போதே ஃபோகஸ் புள்ளியை ஒரு பக்கம் தள்ளி வைத்தாலோ, கேமராவில் விலங்குக் கண்ணைத் தேடும் வசதி இருந்து அதை முழு ஃப்ரேமுக்கும் திறந்துவிட்டாலோ, இந்த இழப்பே வராது.

வேகமாக ஓடும் செந்நாய், எழும்பிப் பறக்கும் நாரை போன்றவற்றுக்கு நடுப்புள்ளிதான் நம்பகம். அங்கே இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம்.

நெருக்கமா, சூழலோடா

நெருக்கமான கிராப் யாருக்குப் பொருந்தும்? தோலும் முகமுமே கதை சொல்லும் விலங்குகளுக்கு. யானையின் கண்ணும் தந்தத்தின் அடியும் துதிக்கை மடிப்புகளும், நத்தைக்குத்தியின் அலகுக்கு நடுவே தெரியும் இடைவெளியும், பாம்புத்தாராவின் கழுத்து வளைவும் இறுக்கினால் பலம் பெறும். புள்ளிமானை இறுக்கினால் மிருகக்காட்சிசாலைப் படம் போலாகிவிடும். மானின் அழகு அது நிற்கும் மூங்கிலடியிலும் மந்தையிலும் இருக்கிறது. சிங்கத்துக்கு மாராவின் திறந்த புல்வெளியே பாதி கம்பீரம். மேய்ச்சல் கூட்டத்தில் தலை நிமிர்ந்து பார்க்கும் ஒரு மானை மட்டும் வெட்டி எடுத்தால், எதைப் பார்த்து நிமிர்ந்தது என்ற கேள்வியே செத்துவிடும்.

இறுக்குவதென்று தீர்மானித்தால் தயங்காமல் இறுக்குங்கள். மூட்டில் வெட்டக் கூடாது; முழங்காலிலோ கணுக்காலிலோ விளிம்பு வந்தால் விலங்கு முடமானது போலத் தெரியும். தொடை நடுவிலோ தோள் நடுவிலோ வெட்டினால் கண் ஏற்றுக்கொள்ளும். பாதம் மட்டும் காணாமல் போன யானையை விட, நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் உள்ள யானை நன்றாக இருக்கும். காது நுனி, வால் நுனி, இறக்கை நுனி மூன்றும் முழுசாக உள்ளே இருக்கட்டும், அல்லது சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெளியே போகட்டும். நூலிழை தொட்டுக்கொண்டு விளிம்பில் நிற்பதுதான் மோசம்.

தண்ணீர்க் கோடு சாய்ந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள், பிறகு வெட்டுங்கள். 2 டிகிரி சாய்வை நிமிர்த்தினாலே அகலத்திலும் உயரத்திலும் ஏறத்தாழ 5 விழுக்காடு போகும். ஓரத்தில் கால் வைத்து நிற்கும் கொக்கு அந்த 5 விழுக்காட்டில் பாதத்தை இழந்துவிடும்.

சுவர் எப்படியோ அப்படி

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பிலும் பட்டாலையிலும் ஐயா, அப்பத்தா படங்கள் பெரும்பாலும் நெட்டுக்குத்தாகத் தொங்கும். தூணுக்கும் கதவுக்கும் இடையில் மிஞ்சும் சுவரும் ஒடுக்கமானது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சில் புதிதாக ஆணி அடிக்க யாருக்கும் மனசு வராது; பெயர்ந்தால் அதே மாதிரி பூச ஆள் தேட வேண்டும். ஆக இருக்கும் ஆணிக்கும் இடத்துக்கும் பொருந்தத்தான் படம். கிராப் செய்யும் முன் அந்த இடத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

படுக்கை ஃப்ரேமிலிருந்து நெட்டுப் படம் வெட்டினால் 2667 × 4000 மிஞ்சும். உயரம் குறையாததால் 12 × 18க்கு அங்குலத்துக்கு 222 பிக்சல் கிடைக்கும், சுவருக்குப் போதும். ஆனால் அகலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டதால் 20 × 30 போட்டால் 133 ஆகிவிடும். காட்டிலேயே கேமராவை நிமிர்த்தி ஒன்றிரண்டு எடுத்து வைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. மரத்தடியில் நிற்கும் யானை, கிளையில் நிற்கும் நாரை இரண்டும் நெட்டுக்கு இயல்பாகவே பொருந்தும்.

அகலமான சுவர் இருந்தால் வாழிடத்தோடு கூடிய நீளப் படம் வைக்கலாம். முற்றத்தைச் சுற்றிய வளவின் நிழலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காட்டெருமை, யானை போன்ற கருத்த விலங்கை இறுக்கி வெட்டிப் பளபளப்புத் தாளில் கண்ணாடி போட்டு அங்கே மாட்டினால், பகலில் தெரிவது எதிர்ப்புற முற்றத்தின் பிரதிபலிப்புதான். அவற்றைக் கொஞ்சம் வானமோ புல்லோ சேர்த்து, மேட் தாளில், திரையில் பார்ப்பதை விடச் சற்றே வெளிச்சம் கூட்டிப் பிரிண்ட் போடுங்கள். வெளுத்த வானத்து நாரைப் படத்துக்கு வெள்ளைச் சுவரில் விளிம்பே தெரியாது. அதற்குத் தேக்கு நிறத்திலோ கறுப்பிலோ சட்டம் வேண்டும்.

சட்டத்தின் உதடு நாலு பக்கமும் கால் அங்குலம்போல மறைக்கும். கேன்வாஸ் என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் மரத்தில் மடிந்து போகும்: 20 × 30 தெரிய வேண்டுமானால் 23 × 33 படம் வேண்டும். பாதம் விளிம்பை ஒட்டி வரும்படி வெட்டிய படத்தைக் கேன்வாஸுக்குக் கொடுத்தால் பாதம் பக்கவாட்டில் மடிந்திருக்கும்.

விகிதங்களில் 8 × 12, 12 × 18, 20 × 30 மூன்றும் 3:2. கேமரா தருவதை அப்படியே ஏற்கும். 8 × 10, 16 × 20 கேட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போகும். எதை வெட்டுவது என்று நீங்கள் தீர்மானிக்காவிட்டால் லேப் இயந்திரம் இரண்டு பக்கமும் சமமாக வெட்டிவிடும். வாலும் பார்வைக்கு முன்னால் விட்ட இடமும் சேர்ந்து போகும்.

கல்யாண ஆல்பம் போலவே சஃபாரி ஆல்பமும் 12 × 36 விரிப்பில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்கு 6000 × 2000 வெட்டினால் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான். கையில் வைத்துப் பார்க்கும் பொருளுக்கு இது குறைவு. ஒரே படத்தை விரிப்பு முழுவதும் இழுக்காமல் ஒரு பக்கத்தில் பெரிதாக ஒன்றும், எதிரில் சின்னதாக இரண்டும் வைப்பதே நல்லது. இழுத்தே தீர வேண்டுமானால், நடுமடிப்பில் முகம் வராமல் பாருங்கள்.

போனுக்கு 1080 பிக்சல் அகலம் போதும். வேட்டங்குடி நாரையின் அந்த 1670 × 1110 கிராப் இங்கே தாராளமாக வாழும். ஸ்டேட்டஸுக்கு 9:16, இன்ஸ்டாவுக்கு 4:5. சின்னத் திரையில் சூழல் எடுபடாது, இறுக்கம்தான் எடுபடும். ஒரே படத்துக்கு இரண்டு மூன்று கிராப் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

வெட்டும் முறை

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஆர் விசை கிராப்பைத் திறக்கும். எக்ஸ் படுக்கையை நெட்டாக்கும். ஓ கோட்டு வலைகளை மாற்றிக் காட்டும். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விர்ச்சுவல் காப்பி (அசலைத் தொடாத நகல்) போட்டு ‘சுவர்’, ‘ஆல்பம்’, ‘போன்’ என்று பெயர் வையுங்கள். அசல் ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பை, தொட வேண்டியதே இல்லை. ஜேபெக் மட்டும் உள்ளவர்கள் வேறு பெயரில் சேமித்துவிட்டு வெட்ட வேண்டும். வெட்டியதையே திரும்பச் சேமித்துவிட்டால் போனது போனதுதான்.

2021இல் அடோபி கொண்டுவந்த சூப்பர் ரெசல்யூஷன் அகலம், உயரம் இரண்டையும் இரட்டிப்பாக்கும். கூர்மையாக எடுத்த முக்கால் கிராப்புக்கு அது உதவும். கலங்கலான பாதி கிராப்புக்குப் போட்டால் இல்லாத இறகுக் கோடுகளை மென்பொருளே வரைந்துவிடும்; பறவையைத் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். இயற்கைப் பிரிவுப் போட்டிகளுக்கு அனுப்புவதானால் வெட்டலாம், ஆனால் குறுக்கே நிற்கும் குச்சியையோ பின்னால் நிற்கும் வண்டியையோ அழித்துவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் ரா கோப்பைக் கேட்பார்கள். குச்சி உறுத்தினால் அதை வெளியே தள்ளும் கிராப்பைத் தேடுங்கள்; கிடைக்காவிட்டால் வேறு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

20 × 30 பிரிண்டுக்குப் பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். 4500 × 3000 கிராப்பில் கண் இருக்கும் இடத்தைச் சுற்றி 1200 × 900 பிக்சல் துண்டை மட்டும் தனியாக எடுத்து, 6 × 8 தாளில் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். முழுப் படம் 20 × 30இல் வந்தால் அந்தப் பகுதி எப்படி இருக்குமோ அதே அளவில், அதே பிக்சலில் அது வரும். அதை மாட்டப்போகும் சுவரில் ஒட்டிவிட்டு, முதலில் ஆறடியிலும் பிறகு இரண்டடியிலும் நின்று பாருங்கள். இரண்டடியிலும் கண் உயிரோடு இருந்தால் 20 × 30 போடுங்கள். ஆறடியில் மட்டும் நன்றாக இருந்தால் 16 × 24க்கு இறங்குங்கள், அல்லது கிராப்பைத் தளர்த்திக் காட்டைக் கொஞ்சம் உள்ளே விடுங்கள்.